அப்பா ஓட்டிய பக்கம்

ரெடிங்கில் எங்கள் புதன்கிழமைச் சைக்கிள் கூட்டத்தில் 11 பேர். எல்லோரும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். இரண்டு பேருக்கு முழங்கால் மாற்றியிருக்கிறது. எனக்கு இதயத்தில் இரண்டு ஸ்டென்ட். காலை ஒன்பதரைக்குக் கென்னட் ஆற்றங்கரையில் கூடுவோம். மேற்கே 15, 20 மைல் போய், ஏதாவது ஒரு கிராமத்துக் கடையில் தேநீரும் கேக்கும் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவோம். போகிற இடத்தில் எங்களுக்கு ஒரு வேலையும் கிடையாது. பத்து வருடமாக இப்படித்தான்.

சேர்ந்த முதல் வருடம், கூட்டத்தை நடத்தும் அம்மையார் என்னிடம் கேட்டார்: "சைக்கிள் எங்கே பழகினாய்?" இந்தியா என்ற பதிலை எதிர்பார்த்தார். "ரங்கூனில்" என்றேன். அவருக்கு அந்தப் பெயர் தெரிந்திருந்தது. அவருடைய மாமா ஒருவர் போரில் அங்கே இருந்தவராம். "அங்கே சைக்கிள் ஓட்ட நல்ல பாதை இருக்கிறதா?" என்று அடுத்த கேள்வி. எனக்குத் தெரிந்த பாதை ஒன்றுதான் இருந்தது. அதில் நான் ஓட்டியதில்லை. அப்பா ஓட்டியிருக்கிறார்.

நான் 1956இல் ரங்கூனில் பிறந்தவன். ஏழு வயதில் அப்பாவின் ராலே சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டுப் பழகினேன். உயரமான கறுப்பு வண்டி. பாருக்குக் கீழே காலை நுழைத்து, இடுப்பை ஒரு பக்கமாகச் சாய்த்து ஓட்டுவது எப்படி என்று இந்தப் பத்திரிகையின் மூத்த வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இளையவர்களுக்கு எவ்வளவு சொன்னாலும் புரியாது. முழுப் பெடல் போடும் உயரம் வருவதற்குள் நாங்கள் பர்மாவை விட்டு வந்துவிட்டோம்.

1964 மார்ச்சில் கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. அப்பா கணக்கு எழுதிய ஜவுளிக்கடையும் அதில் போயிற்று. மே மாதம் 50, 100 சாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். வருடக் கடைசியில் நாங்கள் கப்பல் ஏறினோம். அந்த வருடங்களில் அப்படிப் புறப்பட்டவர்கள் லட்சக்கணக்கில். ஆளுக்கு ஒரு பெட்டி, கொஞ்சம் துணி. சைக்கிளுக்கு அனுமதி இல்லை.

கப்பலுக்கு மூன்று நாள் முன்பு அப்பா அந்த ராலேயைத் தள்ளிக்கொண்டு காலையில் வீட்டைவிட்டுக் கிளம்பினார். அம்மா விற்றுவிட்டு வரப் போகிறார் என்று நினைத்தாள். இரவு வெகுநேரம் கழித்து நடந்து வந்தார். கையில் காசு இல்லை. செருப்பிலும் வேட்டி ஓரத்திலும் சேறு. "எங்கே போனீங்க?" என்றாள் அம்மா. "துவாண்டே" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. சென்னைக்கு வந்து வியாசர்பாடியில் குடியேறிய பிறகும், கோபம் வரும்போதெல்லாம் அம்மா அந்தச் சைக்கிளை இழுப்பாள். "விற்றிருந்தால் ஒரு மாத அரிசிக்கு ஆகியிருக்கும்." அப்பா எழுந்து வெளியே போய்விடுவார்.

துவாண்டே என்பது ரங்கூன் ஆற்றுக்கு அக்கரையில் உள்ள சிறு நகரம். மண்பானைக்குப் பெயர் போனது. பான்சோடன் துறையில், அப்பா காலத்துப் பெயரில் சொன்னால் ஃபேர் தெருத் துறையில், படகேறினால் அக்கரையில் தலா. தலாவிலிருந்து மேற்கே ஒரு சாலை. 20 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். அதுதான் அப்பாவின் பாதை. வியாசர்பாடித் திண்ணையில் உட்கார்ந்து அவர் அதை எங்களுக்கு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். படகில் சைக்கிளை எந்த மூலையில் சாத்தினால் விழாது, தலா கப்பல் பட்டறையின் சங்கு எத்தனை மணிக்கு ஊதும், எந்த மூங்கில் பாலத்தில் இறங்கித் தள்ள வேண்டும், எந்த வீட்டில் மோர் போல ஏதோ ஒன்று தருவார்கள், மழைக்காலத்தில் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே களிமண் அடைத்துக்கொண்டால் எந்தக் குச்சியால் நோண்ட வேண்டும். கடைசியில் துவாண்டே கால்வாய். "கடல் மாதிரி ஒரு கால்வாய்டா. அதுல ஸ்டீமர் போகும். கரையில நான் போவேன். கொஞ்ச தூரம் நானும் அதுவும் சேர்ந்து போவோம்."

இந்தக் கதையில் ஒரு விஷயம் மட்டும் எப்போதும் இருக்காது. அவர் அங்கே எதற்குப் போனார் என்பது.

*

இங்கிலாந்தில் நான் மருந்தாளுநராக 30 வருடம் வேலை பார்த்தேன். அத்தனை வருடமும் சைக்கிளைத் தொடவில்லை. ஸ்டென்ட் வைத்த பிறகு மருத்துவர் தினமும் உடம்பை அசைக்கச் சொன்னார். என் மகள் ஒரு சைக்கிளை வாங்கிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினாள். அப்படித்தான் புதன்கிழமைக் கூட்டத்தில் சேர்ந்தேன்.

இந்த நாட்டில் சைக்கிளில் ஊர் சுற்றுவது பழைய வழக்கம். அதற்கென்று ஒரு சங்கத்தை 1878லேயே தொடங்கியிருக்கிறார்கள். சங்கம் பரிந்துரைத்த விடுதிகளின் சுவரில் சிறகு முளைத்த சக்கரம் பொறித்த இரும்புப் பலகை மாட்டியிருக்கும். சில ஊர்களில் இன்றும் அதைப் பார்க்கலாம். 1990களில் லாட்டரிப் பணத்தைக் கொண்டு நாடு முழுக்கச் சைக்கிள் பாதைகளை இணைத்து எண் கொடுத்தார்கள். எங்கள் ஊர் வழியாகப் போவது 4ஆம் எண். லண்டனில் தொடங்கி வேல்ஸின் மேற்குக் கரை வரை போகிறது. ரெடிங்கிலிருந்து பாத் நகரம் வரை அது பெரும்பாலும் கென்னட் – ஏவன் கால்வாயை ஒட்டியே போகும். குதிரைகள் கரையில் நடந்து படகிழுத்த பாதையில் இப்போது நாங்கள் சைக்கிள் விடுகிறோம்.

அந்தக் கால்வாய் 87 மைல் நீளம். 1810இல் முழுவதும் திறந்தது. ரயில் வந்ததும் அதற்கு மவுசு போய்விட்டது. தூர்ந்து, மதகுகள் உளுத்துக் கிடந்ததை ஊர்க்காரர்களே மண்வெட்டியோடு இறங்கிச் சீர்செய்து 1990இல் மறுபடி திறந்தார்கள். டிவைசஸ் ஊருக்கருகே இரண்டு மைலுக்குள் 29 மதகுகள். படகு ஒவ்வொரு படியாக மலை ஏறும். முதன்முறை அங்கே போனபோது ஒரு படகு மேலேறுவதைக் கரையில் நின்று ஒன்றரை மணி நேரம் பார்த்தேன். கூட்டம் என்னை விட்டுவிட்டு முன்னே போய்விட்டது. அப்பாவின் கால்வாயை அப்போதுதான் நினைத்தேன். அதுவும் இதே நாட்டுக்காரர்கள் 1880களில் வெட்டியதுதான். ஐராவதியின் நெல்லும் ஆட்களும் சுற்றாமல் ரங்கூனுக்கு வரட்டும் என்று, 35 கிலோமீட்டர்.

நான் வரைபடம் பார்க்கக் கற்றுக்கொண்டது இந்தக் கூட்டத்தில்தான். தேவாலயத்தில் கோபுரம் உண்டா இல்லையா என்பதைக்கூட ஒரு குறியில் சொல்லிவிடும் வரைபடங்கள் அவை. ஒருநாள் லண்டனுக்குப் போய் பிரிட்டிஷ் நூலகத்தில், ஓர் அங்குலம் ஒரு மைல் அளவில் வெள்ளைக்காரர்கள் போட்ட பர்மா வரைபடத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். அதே மாதிரி எழுத்து, அதே மாதிரி குறிகள். தலா, துவாண்டே, நடுவே அப்பா சொன்ன ஊர்கள். கால்வாய் நீலமாக நேரே கிடந்தது. மேசையில் விரலை வைத்துப் பாதையில் ஓட்டிப் பார்த்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தது.

அங்கே அப்படியே வேறு புத்தகங்களையும் புரட்டினேன். அதைச் செய்யாமல் இருந்திருக்கலாம் என்று சில நாள் நினைத்தேன்.

அப்பா 1936இல், 16 வயதில், ரங்கூன் முகல் தெருவில் ஒரு செட்டியார் கடையில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவர். பிறகு அடுத்தாள் ஆனார். கடை என்றால் சாமான் விற்கும் கடை இல்லை, வட்டிக்கடை. எங்களுக்கு இவ்வளவும் தெரியும். ஆனால் அந்த வருடங்களின் கணக்கை நான் ஒருபோதும் பார்த்ததில்லை. 1930இல் உலகமெங்கும் மந்தம் வந்து நெல் விலை ஏறக்குறையப் பாதியாகச் சரிந்தது. கடன் வாங்கி விதைத்தவன் திருப்ப முடியவில்லை. கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 மாவட்டங்களில் செட்டியார்கள் கையில் இருந்த நெல் நிலம் 1930இல் 6 சதவீதம். 1938இல் 25 சதவீதம். எட்டே வருடத்தில் அந்த நிலங்கள் பணமாகாத கடனுக்குப் பதிலாகக் கைமாறின. செட்டியார்கள் நிலம் ஆள அங்கே போகவில்லை, அவர்களுக்கு வேண்டியது பணம்தான் என்று எழுதியவர்களும் உண்டு. அது உண்மைதான். நிலத்தை இழந்தவனுக்கு அந்த வித்தியாசம் தெரிந்திருக்காது.

அந்த 25 சதவீதம் எப்படி வந்திருக்கும் என்று யோசித்தேன். யாராவது போய்க் கேட்டிருக்க வேண்டும். வட்டி எவ்வளவு நிலுவை என்று திண்ணையில் உட்கார்ந்து வாசித்துக் காட்டியிருக்க வேண்டும். 17, 18 வயதுப் பையன், கறுப்புச் சைக்கிள், கேரியரில் துணியில் சுற்றிய பேரேடு. மோர் மாதிரி ஏதோ ஒன்று தந்த அந்த வீட்டில், எதற்காகத் தந்தார்கள்?

1942இல் அப்பா மற்றவர்களோடு தமு வழியாக மணிப்பூருக்கு நடந்தார். வழியெல்லாம் பிணம் கிடந்த அந்த நடையைப் பற்றி எங்களிடம் பேசியிருக்கிறார். போர் முடிந்து திரும்பியபோது பழைய கடை இல்லை. ஜவுளிக்கடையில் சேர்ந்தார். 1950 வாக்கில் முதல் சேமிப்பில் அந்த ராலேயை வாங்கினார். அதில் அவர் யாரிடமும் எதையும் வசூலிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சில நேரம் என்னைப் பாரில் உட்காரவைத்துப் படகில் தலாவுக்குக் கூட்டிப் போவார். கரையில் கொஞ்ச தூரம் ஓட்டுவார். துவாண்டே வரைக்கும் போனதில்லை. கடைசி நாளைத் தவிர.

*

2020 ஜனவரியில் யாங்கோன் போனேன். 55 வருடங்களுக்குப் பிறகு. அம்மாவின் ஒன்றுவிட்ட தம்பி குடும்பம் மட்டும் அங்கேயே தங்கிவிட்டது. அவருடைய பேரன் விமான நிலையத்துக்கு வந்திருந்தான். 35 வயது. பர்மியப் பெயர் ஒன்று, வீட்டுப் பெயர் ஒன்று. முறைக்கு நான் அவனுக்கு மாமா. "மாமான்னே கூப்பிடறேன்" என்றான். தமிழ் நன்றாகப் பேசுகிறான். எழுதப் படிக்கத் தெரியாது. அவன் பிறப்பதற்கு இருபது வருடம் முன்பே தனியார் பள்ளிகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டதில் தமிழ்ப் பள்ளிகளும் போய்விட்டன. அவன் மகள் ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் அ, ஆ எழுதப் பழகுகிறாள்.

மறுநாள் காலை அனவ்ரதா சாலையில் காளி கோயிலுக்குப் போனோம். 1871இல் தமிழர் கட்டியது. பச்சையும் சிவப்புமாகக் கோபுரம், வாசலில் பூக்கடை, உள்ளே தனகா பூசிய பர்மியப் பெண்கள் இரண்டு பேர் கற்பூரத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருந்தார்கள். 1931 கணக்கெடுப்பில் இந்த நகரத்தில் பாதிக்கு மேல் இந்தியர்கள். இன்று அந்தத் தெருக்களில் தமிழ் கேட்க வேண்டுமென்றால் காது கொடுத்து நிற்க வேண்டும்.

"தம்பி, எனக்கு ஒரு சைக்கிள் வேணும்" என்றேன்.

சிரித்தான். "மாமா, டவுன்ல ரோட்டுல சைக்கிள் விடமாட்டாங்க. போலீஸ் புடிக்கும். மோட்டார் பைக்கும் கிடையாது."

உண்மைதான். யாங்கோன் நகருக்குள் 2003 முதல் மோட்டார் சைக்கிளுக்குத் தடை. முக்கியமான சாலைகள் பலவற்றில் சைக்கிளும் போகக் கூடாது. ஆற்றைத் தாண்டிவிட்டால் எல்லாம் போகும். ஜப்பானிலிருந்து கப்பலில் வரும் பழைய சைக்கிள்களை விற்கும் கடையில், முன்னால் கூடை வைத்த ஒரு நீல நிற வண்டியை வாங்கினேன். சீட்டை உயர்த்தி, பிரேக்கை இறுக்கிக் கொடுத்தார்கள். தம்பி பக்கத்து வீட்டில் ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டான். துறை வரைக்கும் இரண்டு பேரும் சந்துகள் வழியாகத் தள்ளிக்கொண்டே போனோம்.

டிக்கெட் கொடுக்கும் இடத்தில் வெளிநாட்டவருக்குத் தனிக் கட்டணம். என்னுடைய பாஸ்போர்ட்டை நீட்டினேன். பிறந்த இடம் என்ற வரியில் ரங்கூன் என்று இருந்ததை அந்தப் பெண் விரலால் தொட்டுப் பார்த்து, பெரிதாகச் சிரித்து, வெளிநாட்டவர் சீட்டையே கிழித்துக் கொடுத்தாள். அதில் தவறு ஒன்றும் இல்லை.

படகு நிறையக் கூட்டம். காய்கறி மூட்டை, கோழி, பள்ளிப் பிள்ளைகள், அவித்த காடை முட்டை விற்பவர்கள். சைக்கிளைச் சாத்த இடம் தேடியபோது கால்கள் தாமாகவே பின் மூலைக்குப் போயின. படகு புதிது, ஜப்பான் கொடுத்தது, மூலை அதேதான். வண்டி விழவில்லை.

தலாவில் இறங்கி, சைக்கிள் ரிக்‌ஷாக்களையும் மோட்டார் சைக்கிள்காரர்களையும் தாண்டிச் சாலைக்கு வந்து ஏறி மிதித்தேன். நூறு அடி போயிருப்பேன்.

"மாமா! வலது பக்கம்! வலது பக்கம்!"

எதிரே ஒரு லாரி ஹாரன் அடித்தபடி வந்துகொண்டிருந்தது. நான் இடது பக்கம் போய்க்கொண்டிருந்தேன். இங்கிலாந்துப் பழக்கம். சட்டென்று இறங்கி ஓரம் கட்டினேன். நெஞ்சு படபடத்தது, ஸ்டென்ட் இருக்கும் இடம் எனக்குத் தெரியும் போலிருந்தது. தம்பி வந்து தண்ணீர் கொடுத்தான்.

அப்பா காலத்தில் பர்மாவில் எல்லோரும் இடது பக்கம்தான் ஓட்டினார்கள். 1970 டிசம்பர் 6ஆம் தேதி, நே வின் ஆட்சியில், ஒரே நாளில் நாடு வலது பக்கத்துக்கு மாறியது. கார்கள் மட்டும் இன்னும் பெரும்பாலும் ஜப்பானியப் பழைய கார்கள். ஸ்டியரிங் வலது பக்கமே இருக்கும். ஆக, முன்னால் போகும் வண்டியை முந்த வேண்டுமென்றால் ஓட்டுநருக்குப் பக்கத்தில் இருப்பவர்தான் எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். அப்பா ஓட்டிய பாதையில், அப்பா ஓட்டிய பக்கத்தில் இப்போது யாரும் போக முடியாது. போனால் லாரி அடிக்கும்.

வலது பக்கமாகவே போனோம். சாலை தார் போட்டது, ஆனால் ஓரமெல்லாம் அரித்திருந்தது. அறுத்த வயல்கள் தட்டையாக வானம் வரைக்கும் கிடந்தன. இங்கிலாந்துப் பாதைகளில் ஏற்றம் இறக்கம் உண்டு, ஏறினால் இறங்கும் சுகம் உண்டு. இங்கே ஒரு மேடும் இல்லை. மிதித்தால்தான் வண்டி போகும். எதிர்க்காற்று வேறு. கிராமங்களில் நீர்ப்பனை ஓலை வேய்ந்த வீடுகள், குடிதண்ணீர்க் குளங்கள். 2008 மே மாதம் நர்கிஸ் புயல் இந்த டெல்டாவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. பெரிய மரங்கள் குறைவாக இருந்ததற்கு அதுதான் காரணம் என்றான் தம்பி. அப்பா சொன்ன மூங்கில் பாலங்களில் ஒன்றுகூட இல்லை. எல்லாம் சிமெண்ட்.

பள்ளி விட்ட நேரம். பச்சை லுங்கி கட்டிய ஒரு பெண் குழந்தை மஞ்சள் நிறச் சைக்கிளில் எங்களை முந்திக்கொண்டு போனாள். அந்த மஞ்சளை நான் சிங்கப்பூரில் தங்கை வீட்டுக்குப் போனபோது பார்த்திருக்கிறேன். கைபேசியில் காசு கட்டி எடுத்து ஓட்டிவிட்டுப் போட்ட இடத்தில் போடும் வாடகை வண்டிகள். அந்தக் கம்பெனிகள் நொடித்துப்போனபோது, மைக் தான் துன் வின் என்ற பர்மியத் தொழிலதிபர் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் குவிந்து கிடந்தவற்றில் 10,000 வண்டிகளை வாங்கி, பூட்டை எடுத்துவிட்டு, பின்சீட்டு மாட்டி, தொலைதூரம் நடந்து பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்குக் கொடுத்துவந்தார். 2019இல் தொடங்கிய வேலை. அந்தக் குழந்தையின் பின்சீட்டில் தம்பி ஒருவன் உட்கார்ந்திருந்தான். "பே துவாமலே?" என்று என்னைப் பார்த்துக் கத்தினான். எங்கே போகிறாய்? 55 வருடமாக உள்ளே கிடந்த பதில் வாய்க்கு வந்தது. "துவாண்டே!"

*

துவாண்டேயில் பானை செய்யும் கொட்டகைகள் ஒரு தெரு முழுக்க இருக்கின்றன. ஓலைக் கூரைக்குக் கீழே இருட்டாக, குளிர்ச்சியாக, ஈர மண் வாசனையோடு. ஒருவர் சக்கரத்தைச் சுற்ற இன்னொருவர் மண்ணை எழுப்புகிறார். ஒரு கொட்டகை வாசலில் பெரியவர் ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வயது 80க்கு மேல் என்றார். எங்களுக்கு வெறும் தேநீர் வந்தது. எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். தம்பி மொழிபெயர்த்தான்.

"இங்கிலாந்திலிருந்து. ஆனால் பிறந்தது ரங்கூனில்" என்றேன்.

என் முகத்தையும் சைக்கிளையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு "சிட்டி?" என்று கேட்டார். செட்டியாரைப் பர்மியர்கள் சொல்லும் சொல். கேலியாகவும் சொல்வார்கள்; சாதாரணமாகவும் சொல்வார்கள். இது எப்படி என்று எனக்குப் பிடிபடவில்லை. தம்பியின் முகம் மாறியது. "இல்லைன்னு சொல்லிடவா மாமா?" என்றான் தமிழில், தாழ்ந்த குரலில்.

இல்லை என்று சொல்வதும் பொய் இல்லை. நாங்கள் செட்டியார்கள் அல்ல. அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டுத் தேநீரைக் குடித்துவிட்டுக் கால்வாயைப் படம் எடுத்துக்கொண்டு வந்திருக்கலாம். புதன்கிழமைக் கூட்டத்தில் சொல்ல அது போதும். பெரியவர் காத்திருந்தார்.

"எங்கப்பா செட்டியார் கடையில வேலை பார்த்தார்னு சொல்லு. சண்டைக்கு முன்னாடி. சைக்கிள்ல இங்க வருவார்னு சொல்லு."

தம்பி சொன்னான். பெரியவர் ஒன்றும் பேசவில்லை. தேநீர்க் கோப்பையை விரலால் சுற்றிக்கொண்டே இருந்தார். பிறகு நீளமாகப் பேசினார். தம்பி துண்டு துண்டாகச் சொன்னான்.

அவருடைய அப்பாவுக்குக் கால்வாய்க்கு மேற்கே நிலம் இருந்தது. அது சிட்டியிடம் போயிற்று. போன பிறகு அதே நிலத்தில் குத்தகைக்கு உழுதார். மாதம் ஒருமுறை சைக்கிளில் ஆள் வரும். அவ்வளவு பழக்கமானதால் வீட்டு நாய்கூட அந்த ஆளைப் பார்த்துக் குரைக்காது என்று அப்பா சொல்வாராம். சுதந்திரத்துக்குப் பிறகு சட்டம் வந்து நிலத்தைச் சிட்டியிடமிருந்து அரசாங்கம் எடுத்தது. உழுகிறவனுக்குக் கொடுத்தது. பிறகு அரசாங்கமே வந்து, தான் வைத்த விலைக்கு நெல்லைக் கேட்டது. கொடுக்க முடியாத வருடம் வெளியே வாங்கியாவது கொடுக்க வேண்டும். "அவங்களும் சைக்கிள்லதான் வந்தாங்க" என்று சொல்லி அவர் சிரித்தார். அப்புறம் அவர் குடும்பம் வயலை விட்டுவிட்டுப் பானைக்கு வந்தது.

"உங்கப்பா கடுமையான ஆளா?" என்று கேட்டார்.

"வீட்டில் இல்லை" என்றேன். வேறு பதில் எனக்குத் தெரியவில்லை.

அதற்குத் தலையாட்டினார்.

நானும் ஒன்று கேட்டேன். 1964 கடைசியில், போவதற்கு முன்பு, என் அப்பா இந்த ஊருக்கு வந்து ஒரு சைக்கிளை விட்டுவிட்டுப் போனார். கறுப்பு ராலே. யாரிடம் கொடுத்தார் என்று கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

பெரியவர் யோசிக்கக்கூட இல்லை. "நிறையப் பேர் விட்டுவிட்டுப் போனார்கள். சைக்கிள், தையல் மெஷின், கண்ணாடி பீரோ. ஒரு ஆள் பசுமாட்டை விட்டுவிட்டுப் போனான், அது ஒரு மாதம் கத்தியது." பிறகு, எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றோ என்னவோ, சொன்னார்: "ராலே நல்ல வண்டி. யாரிடம் போயிருந்தாலும் வெகுநாள் ஓடியிருக்கும்."

கிளம்பும்போது கையகலத்துக்கு ஒரு மண்கிண்ணம் எடுத்தேன். விலை சொன்னார். வெளியூர்க்காரனுக்குச் சொல்லும் விலைதான். தம்பி பேரம் பேச வாயெடுத்தான். அவன் கையைப் பிடித்தேன். கேட்டதை எண்ணிக் கொடுத்தேன். அவரும் ஒருமுறை எண்ணிப் பார்த்து வாங்கிக்கொண்டார்.

கால்வாய்க் கரைக்குப் போனபோது வெயில் சாய்ந்திருந்தது. அப்பா மிகைப்படுத்தவில்லை. கென்னட் கால்வாயில் இரண்டு படகு ஒதுங்கிப் போவதே பாடு. இது நிஜமாகவே ஓர் ஆறு. மணல் ஏற்றிய படகொன்று தண்ணீர் விளிம்பு வரை அமிழ்ந்து மெல்லப் போனது. அதோடு கொஞ்ச தூரம் ஓட்டினேன். கரைப்பாதை முடிந்த இடத்தில் நின்றுவிட்டேன். அது போய்க்கொண்டே இருந்தது.

அப்பா அந்த வண்டியை அந்தப் பெரியவர் வீடு போன்ற ஏதோ ஒரு வீட்டில்தான் சாத்திவிட்டு வந்திருப்பார் என்று நினைக்கிறேன். மன்னிப்பு கேட்டிருப்பாரா என்றால், அவர் அப்படிப்பட்ட ஆள் இல்லை. ஒருவேளை வெறும் நட்புக்காகவும் கொடுத்திருக்கலாம். மாதாமாதம் போன வீட்டில் பகை மட்டுமா இருந்திருக்கும்? திரும்பி 20 கிலோமீட்டருக்கு மேல் நடந்திருக்கிறார். 44 வயது. செருப்பில் சேறு. அம்மா அவரைக் கேட்டதும் அவர் சொன்னதும் நான் போர்வைக்குள் விழித்துக்கொண்டு கேட்டவை.

*

நீல வண்டியைத் தம்பியிடம் விட்டுவிட்டு ஊர் திரும்பினேன். விமானத்தில் கொண்டுவர முடியாது என்றுதான் அவனிடம் சொன்னேன்.

இரண்டு மாதத்தில் கொரோனா. அடுத்த வருடம் பிப்ரவரி 1ஆம் தேதி ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. முதல் சில வாரம் இரவு எட்டு மணிக்கு ஊரே பாத்திரத்தைத் தட்டும் சத்தத்தைத் தம்பி தொலைபேசியில் கேட்கவைத்தான். பிறகு அதுவும் நின்றது. அவன் பேசுவதும் குறைந்தது. பேசினாலும் சாப்பாடு, மகள் படிப்பு, கோயில் திருவிழா இவற்றோடு நிறுத்திக்கொள்கிறான். நானும் வேறெதையும் கேட்பதில்லை.

புதன்கிழமைக் கூட்டத்து அம்மையார் திரும்பி வந்ததுமே கேட்டார்: "உன்னுடைய அந்தப் பாதை எப்படி?" மேடு பள்ளம் இல்லாத நல்ல பாதை, தேநீர் கிடைக்கும், கால்வாய் பெரியது என்றேன். மீதியைச் சொல்லச் சில மாதம் ஆயிற்று. டிவைசஸ் மதகுகளுக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, தன் மாமா பர்மாவிலிருந்து திரும்பிய பிறகு சாகும்வரை அரிசிச் சோற்றைத் தொட்டதில்லை, ஏன் என்று யாரும் கேட்டதும் இல்லை என்றார். பிறகு இருவரும் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினோம். இங்கே இடது பக்கம்தான்.

போன மாதம் தம்பி கூப்பிட்டான். பெட்ரோல் பங்க்கில் மணிக்கணக்காக வரிசை, பஸ் குறைந்துவிட்டது என்றான். இப்போது வேலை அக்கரையில், தலாவில். தினமும் படகில் போய் வருகிறான்.

"நீல வண்டி இருக்கா?" என்றேன்.

"அதுலதான் மாமா போறேன். பின் டயர் மாத்தினேன். கூடையிலதான் சோத்துப் பாத்திரம் வைக்கிறது." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "படகுல நீங்க சாத்துன மூலையிலதான் சாத்தறேன். விழறதே இல்ல" என்றான்.

அவனால் இதைப் படிக்க முடியாது. அச்சில் வந்ததும் சத்தமாகப் படித்துப் பதிவு செய்து அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறேன். பேரேட்டைப் பற்றிய பகுதியையும் சேர்த்தே.